கூகைப் பெட்டியில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் எங்கள் கொட்டாய் (சிற்றூர்). எலித் தொல்லை தாங்காமல் வயலில் கூகைப் பெட்டி, அதாவது எலி தின்னும் கூகை என்ற ஆந்தை வந்து தங்கி முட்டையிட ஒரு மரப்பெட்டி, வைக்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதலில் எங்கள் கொல்லையில் ஒன்று வைத்தேன். அப்புறம் மாமா நிலத்தில், ஏரிக்கரைப் பக்கம், காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் சம்பந்தி வீட்டில் என்று இப்போது பதினேழு பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும். "பெட்டி வெச்சு ஆறு மாசமாச்சுண்ணா, ஒண்ணும் வரல." "குஞ்சு கீழ விழுந்து கெடக்குது, என்ன பண்றது?" கேள்விகள் பெரும்பாலும் இதே பத்துப் பன்னிரண்டுதான். அதனால் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் பெட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

பறவையை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளை முகம், அறுத்த ஆப்பிள் போல இதய வடிவம், கறுப்புக் கண், பொன்னும் சாம்பலும் கலந்த முதுகு. இதுதான் கூகை. எங்கள் பக்கம் வெள்ளை ஆந்தை என்பார்கள், பயப்படுகிறவர்கள் சாக்குருவி என்பார்கள். மஞ்சள் கண்ணோடு பகலிலும் கம்பியில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிற சின்ன ஆந்தை வேறு. அது புள்ளி ஆந்தை.

நான் செய்யும் பெட்டியின் அளவு: 2 அடி நீளம், 1.5 அடி அகலம், 2.5 அடி உயரம். வாசல் 6 அங்குலச் சதுரம். வாசலின் அடிவிளிம்பு பெட்டித் தரையிலிருந்து 1.5 அடி மேலே இருக்க வேண்டும். தரையிலிருந்து 12 முதல் 15 அடி உயரத்தில் மாட்டுவேன். கீழே வரும் பல கோளாறுகள் இந்த 1.5 அடியை விட்டதால் வருபவை.

பெட்டி வைத்து மாதக்கணக்கு ஆகியும் எதுவும் வரவில்லை

பெரும்பாலும் காலம்தான் காரணம். எங்கள் முதல் பெட்டிக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது. ஆறு மாதத்தில் இடம் மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

காத்திருக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: உங்கள் பக்கத்தில் கூகையே இருக்கிறதா? பனைமரத்தடி, பழைய கோயில் மண்டபம், பூட்டிக் கிடக்கும் கட்டடம், யாரும் இறங்காத கிணற்றின் சுவர்ப் பொந்து, இந்த நான்கையும் பகலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுண்ணாம்பு ஊற்றியது போல வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். கீழே கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பளபளப்பான கறுப்பாக இருந்தால் புதிது. சாம்பல் நிறமாக உதிர்ந்தால் பழையது. புதிய உருண்டை கிடைத்துவிட்டால் பெட்டியைத் தொடாமல் விடுங்கள், வரும்.

உருண்டை இருக்கிறது, ஒரு வருடம் கடந்தும் பெட்டிக்கு வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

வாசலுக்கு நேராகக் கிளை தழைந்திருக்கிறதா? கூகை திறந்த வெளியிலிருந்து நேராகப் பறந்து நுழையும். அரிவாளால் இரண்டு கிளை கழித்தால் தீர்ந்தது. மாந்தோப்பில் வைக்கிறவர்கள் அடர்ந்த மரத்துக்குள்ளே மாட்டிவிடுகிறார்கள். வேலியோரத்துத் தனிமரம்தான் சரி.

புதிதாக எல்.இ.டி. தெருவிளக்கு போட்டிருக்கிறார்களா? வெளிச்சம் வாசலில் விழுந்தால் பெட்டியை மறுபக்கம் திருப்புங்கள்.

மேற்கு வெயில் உள்ளே இறங்குகிறதா? சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு வாசலருகே கையை வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் பறவையும் தாங்காது. கிழக்கே திருப்பி, மேலே பனையோலையோ சாக்கோ போடுங்கள். தகரக் கூரையும் பிளாஸ்டிக் டிரம்மும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு வரவில்லை என்றால்தான் இடத்தை மாற்றும் செலவு. மோட்டார் கொட்டகையின் சுவரோ, வரப்பில் நட்ட கம்பமோ நல்ல இடம். நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நான் பெட்டி வைக்க மாட்டேன். யார் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன். கூகை தாழப் பறக்கும், லாரி வெளிச்சத்தில் தடுமாறும். தொப்பூரிலிருந்து ஓசூர் வரை அந்தச் சாலையோரத்தில் வெள்ளை இறகைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

வேறு யாரோ குடியேறிவிட்டார்கள்

*மைனா:* வைக்கோல், பாலித்தீன், துணி என்று அடைத்திருக்கும். முட்டை இல்லையென்றால் எடுத்துப் போடலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் பறந்துபோகும் வரை பொறுங்கள். அணிலுக்கும் இதே வழிதான்.

*புள்ளி ஆந்தை:* அப்படியே விடுங்கள். பூச்சியும் சுண்டெலியும் தின்னும் நல்ல பறவை. கூகைக்கு இன்னொரு பெட்டி செய்யுங்கள்.

*தேனீ, கதண்டு (பெரிய குளவி):* நீங்கள் ஏறவே கூடாத இடம் இது. தீ வைக்க வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம். தேனீ என்றால் தேன் பெட்டி வளர்ப்பவரைக் கூப்பிட்டால் கூட்டோடு எடுத்துக்கொள்வார். கதண்டு என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கூகை தங்குகிறது, முட்டை இல்லை

ஒற்றைப் பறவையா, ஜோடியா என்று முதலில் பாருங்கள். ஏணி வேண்டாம். மாலை ஆறே முக்காலுக்கு முப்பது அடி தள்ளி உட்கார்ந்து வெளியே வருவதை எண்ணுங்கள். மூன்று நாள் பார்த்தும் ஒன்றுதான் என்றால் ஜோடி சேர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு இருந்தால், பெட்டியடியில் தின்னாத எலி கிடக்கிறதா என்று பாருங்கள். முட்டையிடும் முன் ஆண் கூகை எலியைக் கொண்டுவந்து பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரை மிஞ்சினால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். மிஞ்சவில்லை என்றால் வயலில் எலி குறைவு. நிலக்கடலை காய் பிடிக்கும்போதும் கேழ்வரகு கதிர் முற்றும்போதும் நிலைமை மாறும். எங்கள் பக்கம் எந்த மாதத்திலும் முட்டை பார்த்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்த பிறகுதான் அதிகம்.

இரையும் இருக்கிறது, ஜோடியும் இருக்கிறது, ஆனாலும் இல்லை என்றால் தொந்தரவு. டார்ச் அடிப்பது, பிள்ளைகள் கல் எறிவது, "வந்துடுச்சான்னு பாக்கலாம்" என்று வாரம் ஒருமுறை ஏறுவது. ஒரு மாதம் யாரும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி சாய்ந்திருக்கிறதா என்பதையும் கீழிருந்தே கவனியுங்கள். கூகை கூடு கட்டாது, வெறும் தரையில் இடும். தரை சாய்ந்தால் முட்டை மூலைக்கு உருண்டு குளிர்ந்துவிடும். பெட்டி மாட்டும்போதே இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்பிவிடுவது நல்லது. மரத்தூள் வேண்டாம்.

முட்டை பொரியவில்லை

நாளைச் சரியாக எண்ணினீர்களா? ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 30, 31 நாள் அடை. ஆனால் எல்லா முட்டையும் ஒரே நாளில் வருவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று வீதம் நாலு முதல் ஏழு வரை இடும். ஆறு முட்டை என்றால் கடைசி முட்டை முதல் முட்டையிலிருந்து பத்துப் பதினைந்து நாள் பின்னால் இருக்கும். அதனால் "நாற்பது நாளாச்சு, இன்னும் ரெண்டு முட்டை அப்படியே இருக்கு" என்றால் அது கோளாறே இல்லை.

50 நாள் கடந்தும் ஒன்றுகூடப் பொரியவில்லை என்றால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பெண் இன்னும் உட்கார்கிறதா? ஆண் கூகை எலியைக் கொண்டுவருகிறதா? அடை காப்பது பெண் மட்டும்தான். அந்த நாட்களில் அதற்கு இரை முழுவதும் ஆண்தான். ஆண் செத்துவிட்டால் பெண் பசியில் எழுந்துபோகும், முட்டை குளிரும். மூன்று மாலை உட்கார்ந்தும் வரும் பறவை எதையும் பார்க்கவில்லை என்றால் அந்த முட்டைகள் போய்விட்டன. வருத்தமாக இருந்தாலும் நாம் செய்ய ஒன்றுமில்லை.

பெண் எழுந்து ஓடும்படி யாராவது ஏறினார்களா? அடைகாக்கும்போது ஒருமுறை பெட்டியைத் திறந்ததற்கே ஒரு கூட்டை நான் இழந்திருக்கிறேன். அது என் இரண்டாம் வருடம். அதற்குப் பிறகு முட்டைக் காலத்தில் நான் ஏணி எடுப்பதில்லை. ஆறு வாரம் ஏணிக்குப் பூட்டு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோழியில் அடை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பொரிந்தாலும் கோழிக்கு அந்தக் குஞ்சை வளர்க்கத் தெரியாது. போதாததற்கு, காட்டுப்பறவையின் முட்டையை எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தாய் பகலில் பெட்டியில் இல்லை

குஞ்சுகளுக்கு என்ன வயது? மூத்த குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும் தாய் அணைப்பதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் பகலைக் கழிக்கத் தொடங்கும். விட்டுவிட்டுப் போகவில்லை. மாலையில் இரை எடுத்துக்கொண்டு வரும்.

மூன்று வாரத்துக்குக் குறைவான குஞ்சு, உடம்பு தெரியும்படி மெல்லிய வெள்ளைத் தூவியோடு இருக்கிறது, தாய் பகலில் இல்லை என்றால் அது அவசரம். வனச்சரக அலுவலகத்துக்கு அன்றே சொல்லுங்கள். இந்த வயதில் குஞ்சுக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. மார்கழி ராத்திரியில் விடியும் வரை தாங்காது.

குஞ்சுகள் ஒரே அளவில் இல்லை. கடைசிக் குஞ்சைக் காணவில்லை

முட்டை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வந்ததால் குஞ்சும் படிக்கட்டு மாதிரிதான் இருக்கும். மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது இளையது பஞ்சு உருண்டையாக இருக்கும். நோய் இல்லை.

கடைசிக் குஞ்சு காணாமல் போனால் பெரும்பாலும் பசி. இரை குறையும்போது மூத்தவை முந்திக்கொள்ளும், இளையது சாகும், செத்ததை மற்றவை தின்றும்விடும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். எங்கள் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் எலி நிறைந்த வருடத்தில் ஏழு குஞ்சும் எழும், வறண்ட வருடத்தில் இரண்டு எழும். அந்தப் பறவை வாழும் விதம் அது.

ஒரே வாரத்தில் எல்லாக் குஞ்சும் செத்தால் அதைப் பசி என்று விட்டுவிடாதீர்கள். கீழே பெரிய பறவை சோர்ந்து உட்கார்ந்திருப்பது பற்றிய தலைப்பில் எலிமருந்து பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள். பெட்டிக் கம்பத்தில் எறும்புச் சாரை ஏறுகிறதா என்றும் பாருங்கள். கம்பத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினால் எறும்பு நிற்கும். மரநாயும் பூனையும் ஏறாமலிருக்க அதற்கு மேலே மூன்றடிக்கு வழவழப்பான தகரம் சுற்றுங்கள். இந்த இரண்டும் சேர்த்து ஒரு நாள் கூலிக்குள் முடியும்.

குஞ்சு கீழே கிடக்கிறது

போன் அதிகம் வருவது இதற்குத்தான். தவறும் அதிகம் நடப்பது இதில்தான்.

"பக்கத்துல விட்டா தாயே வந்து ஊட்டும்" என்று பலர் சொல்கிறார்கள். மற்றப் பறவைகளுக்கு அது சரி. கூகை பெட்டிக்குள் கத்தும் குஞ்சுக்குத்தான் இரை கொடுக்கும். தரையில் கிடக்கும் சின்னக் குஞ்சை அது பெரும்பாலும் கவனிக்காது. அது பசியில் சாகும், இல்லை நாய் எடுத்துப்போகும். எனவே தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் உண்மையில்லை, தயங்க வேண்டாம்.

குஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

*உடம்பு முழுக்கப் பஞ்சுத் தூவி, சிறகில் இறகு இல்லை அல்லது குச்சியாக முளைக்கிறது:* ஐந்து வாரத்துக்கு உட்பட்டது. துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். மல்லாந்து படுத்து நகத்தை நீட்டும், சீறும், அலகைச் சொடுக்கும். காலைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றும் செய்யாது. காயம் இல்லையென்றால் அன்று மாலை இருட்டுவதற்குள் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியில் குஞ்சு இருக்கும்போது ஏணி வைக்க நான் சம்மதிக்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும், 15 அடி என்பது விளையாட்டில்லை.

*முகம் இதய வடிவம் ஆகிவிட்டது, சிறகு முழுசாக இருக்கிறது, வயிற்றிலும் காலிலும் மட்டும் கொஞ்சம் பஞ்சு:* ஏழு, எட்டு வாரம் இருக்கும். பறக்கப் பழகுகிறது. நாயும் பூனையும் இல்லையென்றால் பக்கத்து மரக்கிளையிலோ கொட்டகைக் கூரையிலோ ஏற்றிவிடுங்கள். பெட்டி எட்டினால் பெட்டியிலேயே விடுங்கள்.

*சிறகு தொங்குகிறது, கால் ஊன்றவில்லை, ரத்தம் இருக்கிறது:* திரும்ப வைக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு ஒடியும். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

செய்யக்கூடாதவை: பால், சோறு, பிஸ்கட், ரொட்டி கொடுப்பது. வாயில் தண்ணீர் ஊற்றுவது. இது நேராக நுரையீரலுக்குப் போய்க் கொன்றுவிடும். அதன் நீர் இரையிலிருந்தே வருகிறது. போட்டோ எடுக்கக் கொட்டாய் முழுக்கக் கையில் கொடுத்துச் சுற்றுவதும் கூடாது. ஒருமுறை நான் போய்ச் சேரும்போது குஞ்சு பதினோராவது கையில் இருந்தது. காயம் ஒன்றுமில்லை, ராத்திரிக்குள் செத்துவிட்டது.

சரி, ஏன் விழுந்தது? ஒரு குஞ்சு ஒருமுறை விழுந்தால் விபத்து. இரண்டாவதும் விழுந்தால் அளவை எடுங்கள். வாசல் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருந்தால் பசித்த குஞ்சு தாயைப் பார்த்து எட்டி வந்து விழத்தான் செய்யும். நாலைந்து வருடம் சுத்தம் செய்யாத பெட்டியில் கக்கிய உருண்டை மேடாகி, 1.5 அடி என்பது முக்கால் அடியாகிப் போயிருக்கும். அதுவும் இதே கோளாறுதான். குஞ்சு இருக்கும்போது மாற்ற முடியாது. கீழே வைக்கோலை ஓரடி உயரத்துக்குப் பரப்பி வையுங்கள், விழுந்தாலும் அடி குறையும். பெட்டி காலியானதும் சரிசெய்யுங்கள்.

பெரிய பறவை பகலில் தரையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது

கிட்டப் போனாலும் பறக்காத கூகை நிச்சயம் ஆபத்தில் இருக்கிறது. முதல் காரணம் எளிதானது: காக்கைகள் விரட்டிக் களைத்துப் போயிருக்கலாம். சாக்கைப் போர்த்தி நிழலில் ஒரு பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுங்கள். பறந்தால் முடிந்தது.

பறக்கவில்லை என்றால் சிறகை மெல்ல விரித்துப் பாருங்கள். கரண்டுக் கம்பியில் அடிபட்டால் கருகிய இறகு இருக்கும். காய்கறித் தோட்டத்து வலையில் சிக்கியிருந்தால் நைலான் நூல் தோளை அறுத்திருக்கும். நூலை இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள்.

வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தலை தொங்குகிறது, மூக்கிலோ வாயிலோ ரத்தம், வாய்க்குள் வெளுத்திருக்கிறது, சிறகடியில் நீலம் பாரித்திருக்கிறது என்றால் எலிமருந்து. கூகை நேராக மருந்தைத் தின்னாது. மருந்து தின்ற எலியைத் தின்கிறது.

எந்த மருந்து என்பது இங்கே முக்கியம். துத்தநாகப் பாஸ்பைடு தின்ற எலி பெரும்பாலும் அன்றிரவே சாகும். புரோமடியோலோன் கலந்த வில்லை அப்படியில்லை. தின்ற எலி மூன்று நாலு நாள் உயிரோடு தள்ளாடித் தள்ளாடி வெளியில் திரியும். ரத்தம் உறையாமல் மெல்லச் சாகும் வரை அதுதான் கூகைக்கு எளிதில் கிடைக்கும் இரை. அதை ஆண் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் போடும். அந்த ஒரு வில்லை ஆறு குஞ்சுக்கும் போய்ச் சேர்கிறது. நான்கு வருடத்துக்கு முன் மாமா நிலத்துப் பெட்டியில் ஐந்து குஞ்சும் ஒரே வாரத்தில் போனது இப்படித்தான். மருந்து வைத்தது மாமாவே இல்லை. இரண்டு கொல்லை தள்ளி மரவள்ளி போட்டிருந்தவர். பெட்டி இருப்பதே அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் வைத்திருக்க மாட்டார், நல்ல மனுஷன்.

செய்ய வேண்டியது:

இருட்டுப் பெட்டியில் வைத்து நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எலிமருந்து சந்தேகம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தத்தை உறையவிடாத இந்த வகை எலிமருந்துக்கு வைட்டமின் கே ஒன்று என்ற முறிவு மருந்து இருக்கிறது. மருத்துவர் எடை பார்த்துத்தான் போட வேண்டும், நீங்கள் முயலாதீர்கள். பக்கத்தில் யார் வைத்தார்கள் என்று கேட்டு, மருந்துக் காகிதம் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். செத்த எலிகளைத் தேடிப் பொறுக்கி, கையுறை போட்டு, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

இதில் முன்னெச்சரிக்கைக்குச் செலவில்லை. பெட்டி வைக்கும் நாளே சுற்றிலும் உள்ள எல்லா நிலத்துக்காரர்களிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் அதைச் செய்யாத இடத்தில் நான் பெட்டி மாட்டுவதில்லை.

தொட்டியில் கூகை செத்து மிதக்கிறது

குடிக்கவோ குளிக்கவோ இறங்கிய பறவை வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் மூழ்கியிருக்கிறது. மாட்டுத் தொட்டி, சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை எல்லாவற்றிலும் இது நடக்கும். ஒரு பலகையை மிதக்கவிடுங்கள். குட்டை என்றால் முடிச்சுப் போட்ட தேங்காய்நார்க் கயிறு நாலு பக்கமும் தொங்கட்டும். அரை மணி நேர வேலை.

ராத்திரி முழுக்கச் சீறல். பெட்டியை இறக்கச் சொல்கிறார்கள்

பெட்டிக்குள் குஞ்சு நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்தச் சத்தம்தான் அடையாளம். பசித்த குஞ்சு குறட்டை போல, குக்கர் ஆவி போல விடாமல் இழுக்கும். நான் கவலைப்படுவது அந்தச் சத்தம் திடீரென்று நின்றால்தான்.

ஆனால் பக்கத்து வீட்டில் உடம்பு முடியாத பெரியவர் இருந்தால் இந்தச் சத்தம் சாதாரணமில்லை. எங்கள் கொட்டாயிலேயே ஒரு பாட்டி படுத்திருந்தபோது, "சாக்குருவிய வூட்டாண்ட வெச்சிருக்கான்" என்று பேச்சு வந்தது. சண்டை போடவில்லை. பெட்டியடியில் கிடந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு, அவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரித்துக் காட்டினேன். முடியெல்லாம் பிரிந்த பிறகு மூன்று எலி மண்டையோடு, பல்லோடு வந்தது. பாட்டியின் மகன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நம்ம கடலைய தின்ன எலியா இது?" என்று கேட்டார். பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாள் கணக்கும் சொல்லிவிடுங்கள். குஞ்சு 55, 60 நாளில் பறக்கும், சத்தம் கடைசி ஐந்து வாரம்தான் அதிகம். தேதி தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். புதிதாக வைக்கிறவர்கள் வீட்டிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

குஞ்சு இருக்கும்போது பெட்டியை இறக்கக் கூடாது. மிரட்டல் அளவுக்குப் போனால் வனத்துறையைக் கூப்பிடுங்கள், அவர்கள் வந்து பேசினால் அடங்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி, முகம் தெரியாத ஆள் வந்து "ஆந்தை கிடைக்குமா" என்று விசாரித்தால் அது மாந்திரீகத்துக்கு. காத்திருக்காமல் அன்றே வனச்சரகருக்குச் சொல்லுங்கள்.

கூகை வந்தும் எலி குறையவில்லை

ஒரு பெரிய கூகை ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி தின்னும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஒரு ஜோடி கொண்டுவருவது இன்னும் பல மடங்கு. ஆனால் அது உங்கள் ஒன்றரை ஏக்கரில் மட்டும் வேட்டையாடாது. மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்று வைக்கிறார்கள். ஒரு பெட்டி ஊருக்குப் பொது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, செலவில்லாதது: வயலுக்குள் டி வடிவக் குச்சிகள் நடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல், ஏக்கருக்கு ஏழெட்டு. கூகை உட்கார்ந்து காது கொடுத்து வேட்டையாடும், குச்சி இல்லாத வெளியில் அது கஷ்டம். கதிர் பால் பிடிக்கும்முன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பகலில் மற்றப் பறவை உட்கார்ந்து கதிரைக் கொத்தும். அடுத்தது வரப்பு. அகன்ற, புதர் மண்டிய வரப்பில்தான் வளை அதிகம், செதுக்கி ஒடுக்குங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மூங்கில் கிட்டி (எலிப்பொறி) வைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். மருந்தில்லாமல் ஒரே ராத்திரியில் நிறையப் பிடித்துவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் அடங்காத பெருக்கம் என்றால் தனியாக முட்டிக்கொள்ளாதீர்கள். தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரி நிலையத்துக்கும் போய், பெட்டியில் குஞ்சு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

பெட்டி நாறுகிறது, ஈ மொய்க்கிறது

குஞ்சு இருக்கும் பெட்டி நாறத்தான் செய்யும். உள்ளே எலும்பும் எச்சமும்தான். கழுவ வேண்டாம், பினாயில் வேண்டாம்.

சுத்தம் செய்யும் நாள் இப்படிப் பாருங்கள். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய மூன்றரை மாதம். பறந்த பிறகும் சில வாரம் குஞ்சுகள் பகலில் பெட்டிக்கே வந்து படுக்கும், பெற்றோர் ஊட்டும். இரை மிகுந்த வருடத்தில் அதற்குள் பெண் மறுபடி முட்டையிட்டுவிடுவதும் உண்டு. எனவே காலி என்று நினைத்து ஏறாதீர்கள். தொடர்ந்து பத்து மாலை உட்கார்ந்து பார்த்து, எதுவும் வராமல், கீழே புது உருண்டையும் விழாமல் இருந்தால்தான் ஏணி.

மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி நல்லதில்லை. மண்வெட்டியால் மேட்டை வாரி, தரையில் இரண்டு அங்குலம் மட்டும் பழையதை விட்டுவிடுங்கள். அந்தப் பொடியின் மேல்தான் அடுத்த முட்டை வைக்கும். வாரியது எருக்குழிக்குப் போகட்டும், நல்ல உரம். ஆணி, திருகு, தொங்கும் கம்பி எல்லாவற்றையும் அப்போதே பாருங்கள். உளுத்த பலகை ஒன்றிரண்டு மாற்ற வேண்டியிருக்கும். கீழே இறங்கும் முன் வாசலின் அடிவிளிம்பிலிருந்து தரை வரை முழம் போட்டுப் பாருங்கள், ஒரு முழம் சரியாக வர வேண்டும்.